எண் இருபத்தேழு

கடைசி ரயில் போனபின், ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு
பூன் கெங் நிலையத்தில் குண்டு வெடிக்கும் என்று
போன மாதமே கடிதம் வந்திருந்தது.
ஒத்திகைதான்.
பிடிக்காத சட்டை ஒன்றைப் போட்டு வரவும் என்று
அடிக்குறிப்பு.

ஒப்பனைக்காரப் பெண் சீனிப்பாகில் சிவப்பைக் குழைத்து
என் வலது காதிலிருந்து கழுத்துக்கு இறக்கினாள்.
மேலே ஓர் அட்டை:
எண் 27. பெண், 41. செவிப்பறை கிழிந்தது.
எதுவும் கேட்காது.
கூப்பிட்டால் திரும்பக் கூடாது.

கண்ணாடிக் கதவோரம் படுத்தேன்.
தரை இவ்வளவு குளிரென்று
பதினாறு வருடம் அதன்மேல் நின்றவளுக்குத்
தெரிந்திருக்கவில்லை.
இடப்பக்கம் டாக்சி ஓட்டும் குவெக். கறுப்பு அட்டை, இறந்தவர்.
வலப்பக்கம் பாலர்பள்ளி ஆசிரியை ருஸ்லினா. அவளும் கறுப்பு.
கால்மாட்டில் பாலிடெக்னிக் பையன் ஒருவன்,
இடது காலை மடக்கிக் கட்டி
இல்லாமல் ஆக்கியிருந்தார்கள்.

புகை இயந்திரம் மக்கர் பண்ணியது.
இறந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"நம்ம கப்பல் எதுக்கு அங்கே?" என்றார் குவெக்.
"யாரோ ரெண்டு பேர் சண்டை. பட்டாணி அளவு நாடு,
பேசாம இருந்தா யார் கண்ணுலயும் படாது."
"தீயை அங்கேயே அணைக்கணும் அங்கிள்.
இங்கே வந்தா, ஓடிப்போக
நமக்கு இன்னொரு ஊர் இருக்கா?"
பையனுக்கு அடுத்த ஆண்டு தேசிய சேவை.
"அணைக்கப் போறவங்க
எண்ணெயோடல்ல போறாங்க!"
சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.
பிணத்தின் தொப்பை குலுங்கியது.
மேற்பார்வையாளர் உஷ் என்றார்.

ருஸ்லினா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்:
"எங்கே எது வெடிச்சாலும்
மறுநாள் ரயில்ல என் பக்கத்து இருக்கை காலி.
நின்னுக்கிட்டு வருவாங்க, உட்கார மாட்டாங்க."

எனக்குக் கேட்கவில்லை.
அட்டை அப்படித்தான் சொல்கிறது.

அந்த இருக்கையை எனக்குத் தெரியும்.
ஒரு தாடிக்காரர், மடியில் வீங்கிய பை.
சந்தேகத்துக்குரிய பொருளைப் பற்றி
ஒலிபெருக்கி நான்கு மொழிகளில் சொல்ல,
தமிழ் வருவதற்குள் எழுந்து
அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.
வாசனை பின்னாலேயே வந்தது.
டுரியான்.
அதுவும் குற்றம்தான்,
வேறு குற்றம்.

அந்தக் கப்பலையும் தெரியும்.
அதன் இயந்திர அறையில் என் தம்பி மாசிலாமணி
காதுறை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.
யாரோடு சண்டை என்று கேட்டால்
'வெயிலோடு' என்று செய்தி அனுப்புவான்.
குவெக்குக்கும் இந்தப் பையனுக்கும் நடுவில்
அவனை நான் எந்தப் பக்கம் கிடத்த?

புகை வந்தது. விசில், பூட்ஸ் சத்தம்.
முகமூடிக்குள்ளிருந்து இருபது வயதுக் கண்கள் குனிந்தன.
முதலில் ஆங்கிலத்தில் கேட்டான்,
பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில்:
"அக்கா, கேக்குதா?"
நான் திரும்பவில்லை.
"அக்கா?"
இந்த இரண்டாவது அக்கா
ஒத்திகையில் சேராது.
குரல் நிஜமாகவே நடுங்கிற்று.

மஞ்சள் அட்டை கட்டித் தூக்கினார்கள்.
படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் சரிந்தபோது மட்டும்
ஐயோ என்றேன்.
யாரோ குறித்துக்கொண்டார்கள்.

நாலரைக்கு ஆளுக்கொரு பை:
காயா பன், தண்ணீர், ஈரத்துணி, நன்றிக் கடிதம்.
இறந்தவர் தன் டாக்சியில் எங்களை ஏற்றிக்கொண்டார்.
முன்னிருக்கையில் பையன், இரண்டு காலோடும்.
பின்னால் ருஸ்லினா பக்கத்தில் நான்,
கொஞ்சம் நெருங்கியே உட்கார்ந்தேன்.
அவள் கவனித்தாளா, தெரியவில்லை.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
குவெக் மீட்டரைப் போடவில்லை.
கப்பலைப் பற்றியும் பேசவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.
ஒரே இரைச்சல், கடலோ இயந்திரமோ.
"அக்கா, கேக்குதா? கேக்குதா?"
கேக்குதுடா, என்றேன்.
கேக்குது, கேக்குது, சொல்லு.
அவன் விடாமல்
அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

காது மடலில் ஏதோ ஊர்ந்தது.
எறும்பு.