மூன்று பைக்கற் மட்டும்

ஆறு வருடமாய் என் வேலை
கடைவாசல்களில் சிரிப்பது.
விசுவமடுவில் தொடங்கிப் புதுக்குடியிருப்பு வரை
ஹொண்டாவின் பின்சீற்றில் இரண்டு காட்போட் பெட்டி,
காற்சட்டைப் பையில் கடன் கொப்பி.
"அண்ணை, கச்சான் அல்வா. நேற்றுக் கிண்டினது."

எந்தக் கடைக்காரர் காலையில் சுள்ளென்று விழுவார்,
எவர் சோற்றுக்குப் பிறகு இளகுவார்,
எவர் பழைய பாக்கியைக் கேட்டதும்
தராசைத் துடைக்கத் தொடங்குவார்,
எல்லாம் எனக்குப் பாடம்.
உடையார்கட்டில் மரியநாயகம் கடை:
"மூண்டு பைக்கற் மட்டும் வை."
மழையோ தேர்தலோ கோயில் திருவிழாவோ
மூண்டு.

பிறகு கேதாரணி அக்கா
யதுசிகாவை வேலைக்கு எடுத்தார்.
மார்க்கெற்றிங்குக்கு என்றார்.
அதுவரை அது என் வேலை என்றுதான்
நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பிள்ளை ஒரு கடையும் ஏறவில்லை.
அடுப்படியில் கதிரைமேல் ஏறி நின்று
பாகு நூலாய் இறங்குவதைப் போனில் பிடித்தாள்.
பின்னால் நாய் குரைத்தது.
அதையும் வெட்டாமல் போட்டாள்.

மூன்றாம் நாள் தருமபுரத்தில்
ஒரு கடைக்காரி என்னை மறித்தார்:
"தம்பி, அந்த நாய் குரைக்கிற அல்வா நீங்களோ?
பத்து தாங்கோ."
சொல்ல வைத்திருந்த கதை முழுக்க
வாய்க்குள்ளேயே இருந்தது, வீடு வரும்வரை.

இரவு அவள் கேட்டாள்:
"அண்ணா, ஆக்கள் என்ன குறை சொல்லுகினம்?"
ஆறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
மாரியில் பிசுபிசுக்கும் என்றேன்.
திகதி அழிகிறது.
பல்லுக் கட்டினவர்களுக்குத் துண்டு பெரிசு.
இன்னும் சொன்னேன், அடுப்பு அணையும்வரை.
அடுத்த கிழமை துண்டு சின்னதாயிற்று.
"இனி ஒட்டாது" என்று அவள் போனில் சொல்லிவிட்டாள்.
அந்தச் சொல்லை
குழி விழுந்த றோட்டில்
உடையாமல் கொண்டுபோவது என் பாடு.

நேற்று ஓடர் வந்தது ஸ்காபரோவிலிருந்து.
ஐந்து பெட்டி. காசு கட்டியாயிற்று.
பெறுபவர்: மரியநாயகம், உடையார்கட்டு.

இறக்கினேன். கையெழுத்து வைத்தார்.
"மகள்" என்றார், பெட்டியைப் பார்த்தபடி.
பாக்குவெட்டியால் ஒரு பைக்கற்றை வெட்டி
ஆறு வருடம் விற்ற பொருளை
முதன்முதலாய் வாயில் போட்டார்.
"நல்லாத்தான் இருக்கு."

விற்க ஒன்றுமில்லாத என் கைகளை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.
படம் எடுத்து வரச் சொல்லியிருந்தாள் யதுசிகா.
அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
எடுக்கவில்லை.
கொப்பியில் அவர் பக்கத்தில்
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
அதைப்பற்றி இருவரும் கதைக்கவில்லை.

ஹொண்டாவை உதைக்கும்போது கூப்பிட்டார்.
"நாளைக்கு வரேக்க..."
கொஞ்சம் யோசித்தார்.
"நாலு வை."