தலைக்குப் பதினெட்டு வெள்ளி

டயர் கடைக்கும் பல் கிளினிக்குக்கும் நடுவே
கதிரேசன் கேட்டரிங்.
வாசலில் கவிழ்த்து வைத்த அண்டாக்களிலிருந்து
பஹாவ் முழுக்கப் பெய்த மழை
இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

"எத்தனை தலை?" என்கிறார்.
அவர் கால்குலேட்டரில்
பூஜ்யம் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது.

அம்மா
கையுறைத் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து நேராக வந்தவள்,
நகக்கண்ணில் மாவு போகவில்லை.
பையிலிருந்து கரண்ட் பில்லை எடுத்துத் திருப்புகிறாள்.
அதன் முதுகில்தான் என் கல்யாணம்.

தோட்டத்தில் மிச்சம் பதினாறு வீடு,
வீட்டுக்கு ஐந்து.
தாமானுக்குக் குடிபோனவர்கள்
காரில் வருவார்கள், நான்கு நான்காகப் போடு.
சிங்கப்பூர் மாமன் மக்கள்
வருகிறேன் என்று சொல்லியே வராதவர்கள்,
பாதி போடு.
மாப்பிள்ளை வீட்டார் சிகாமட்டிலிருந்து ஒரு பஸ்,
நாற்பத்து நான்கு சீட்டு.
"மடியில பிள்ளைங்க இருக்கும்ல"
என்று அம்மா ஐம்பத்தைந்து எழுதியிருக்கிறாள்.
பழைய லயத்தில் இப்போது தங்கியிருக்கும்
வங்காளதேசத்துப் பையன்கள் பதினொருவர்.
இவர்களை யார் அழைத்தது என்றேன்.
"வாழை மரம் கட்ட வரச் சொல்லியிருக்கேன்.
கட்டிட்டுப் பசியோட போவானுங்களா?"

கோழி யாரிடம் வாங்குவீர்கள்,
கக் ரொஹானாவின் ஆபீசே திரண்டு வருகிறது.
"பசார்ல பாக் மாட்டுகிட்டதான், பதினஞ்சு வருசமா"
என்றார் கதிரேசன்,
கேட்டதே தப்பு என்பதுபோல.

ருசி பார்க்கத் தப்பாவில் ஆட்டுப் பிரட்டல்.
ஒரு துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு
அம்மா அரிசிக் கம்பெனி நாள்காட்டியைப் பார்க்கிறாள்.
வெகு நேரம் பார்க்கிறாள்.
"உப்பு சரி. மிளகு லேட்டா வருது."
அவர் எழுதிக்கொள்கிறார்.

இலை என்றால் பத்தொன்பது,
பபே என்றால் பதினெட்டு.
பந்தியில் பரிமாறிய பையன்களெல்லாம்
கே.எல்.லில் கிராப் ஓட்டுகிறார்கள்.
ஒரு வெள்ளிதான்.
ஒரு வெள்ளி, நானூற்று முப்பது தடவை.
பபே போதும் என்றேன்
அம்மாவின் பக்கம் திரும்பாமல்.

பிறகு மளமளவென்று ஒப்பித்தார்:
நெய்ச்சோறு, டால்ச்சா, அன்னாசிப் பச்சடி,
முட்டை சம்பல், கோஸ் பிரட்டல்,
எண்ணெய்க் கத்திரிக்கா...

"கத்திரிக்கா வேணாம்."

எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கத்திரிக்காய்.
அம்மாவே நான்காய்க் கீறி
உப்பும் மஞ்சளும் தடவிப் பொரிப்பாள்,
கடைசித் துண்டுக்குத் தம்பியோடு சண்டை போடுவாள்.

கத்திரிக்காய் பட்டால்
கழுத்திலிருந்து காது வரை தடித்துச் சிவந்து
இரவெல்லாம் சொறிந்துகொண்டே
லோரி ஓட்டும் ஓர் ஆளை எனக்குத் தெரியும்.
ஜொகூருக்கு லோடு ஏற்றிப் போனவர்.
பதின்மூன்று வருஷம் ஆகிறது.
அங்கே ஒரு வீடு என்றார்கள்,
ஒரு பெண்பிள்ளை என்றார்கள்.
அச்சகத்தில் பத்திரிகைக்கு அவர் பெயரைச் சொல்லும்போது
எழுத்துப் பிழை வரக்கூடாதென்று
இரண்டு தரம் எழுத்துக் கூட்டிச் சொன்னாள் அம்மா.
அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

கரண்ட் பில்லை வாங்கி
மேலிருந்து கீழே வாசித்தேன்.
எந்த வரியிலும் அவர் இல்லை.

"சரிக்கா. வெண்டிக்கா போட்டுடறேன்" என்றார் கதிரேசன்.
"நீங்க சொன்னது நானூத்து முப்பது.
கணக்குல வராதவங்களுக்குன்னு
நூத்துக்குப் பத்து எப்பவும் சேர்த்துதான் ஆக்குவேன்.
அதுக்குக் காசு வாங்குறதில்ல."

அம்மா தலையாட்டவில்லை.
ரப்பர் பட்டையைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
ஐம்பது ஐம்பதாக முன்பணத்தை எண்ணினாள்.
பாதியில் எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து எண்ணினாள்.

வெளியே மறுபடியும் தூறல்.
மோட்டாரை நகர்த்தி, ஹெல்மெட்டைத் துடைத்து,
ரசீதை ஈரம் படாமல் மடித்து வைக்கும்போது
அம்மா கேட்டாள்:
"வெண்டிக்கா வழவழன்னு இருக்கக் கூடாது.
சொன்னியா அவன்கிட்ட?"

இல்லை என்றேன்.
திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.