இழப்பீட்டுப் படிவம்

மோர்ப்பண்ணையில் வலை அறுத்தவர்களுக்கெல்லாம்
படிவம் எழுதித் தருவது நான்தான்.
மகளிர் குழுக் கணக்கு எழுதுகிற கை,
அரசாங்கத் தமிழும் வரும் என்று நினைக்கிறார்கள்.

வலையின் நீளம். கண்ணி அளவு. வாங்கிய விலை.
அறுத்த தேதி. அறுத்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம்.
விடுவிக்கப்பட்ட உயிரினம்: ஆவுளியா, ஒன்று.
"குட்டியும் இருந்துச்சு" என்கிறார் கருமலையான்.
குட்டிக்குக் கட்டமில்லை.
"தாய் வலைக்குள்ள மூச்சுக்குத் தவிக்குது,
இது அக்குளை முட்டி முட்டிப் பால் குடிக்குது.
கத்தி எடுக்காம என்ன செய்ய?"
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்: குட்டியுடன்.

அன்றிரவு கைவிட்டுப் போன நண்டு,
மறுநாளும் அதற்கு மறுநாளும் கரையில் கிடந்த வத்தை,
புது வலைக்கு ஏஜென்ட்டிடம் வாங்கிய முன்பணம்,
அந்த முன்பணத்துக்காகக்
கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்து
அவருக்கே போட்டாக வேண்டிய மீன்,
இவற்றுக்கும் கட்டமில்லை.
வலை அறுந்தது ஆடியில். பணம் வந்தது மாசியில்.
நடுவில் ஏறிய வட்டி என் நோட்டில் இருக்கிறது,
பென்சிலில்.

பங்குனியில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள்,
தொப்பியும் கேள்வித்தாளுமாக.
"இந்தக் கடல்புல்லைக் காப்பாற்ற
வருஷத்துக்கு எவ்வளவு தரத் தயார், ஐயா?"
ஐந்து விடைகள். ஐந்தும் ரூபாயில்.
கருமலையான் யோசித்துச் சொன்னார்:
"அறுத்ததைக் கழிச்சுக்கிட்டு
மீதி எவ்வளவுன்னு சொல்லும்மா, கட்டிர்றேன்."
அவள் எதை டிக் செய்தாள் என்று
நான் பார்க்கவில்லை.

நேற்று ராத்திரி
நம்புக்காளி ஒரு வலையைச் சுருட்டிக் கொண்டுவந்தான்.
ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு நிறம் மாறிய வலை.
அறுபட்ட இடம் நேர்கோடாக இருந்தது.
கண்ணியில் ஒரு புல் இல்லை. ஈரம் இல்லை.
உயிரோடு மல்லுக்கு நின்ற வலை
இப்படி அடக்கமாக அறுபடாது.
அவனுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்க்கவில்லை.
அவன் வீட்டுச் சந்தா நாலு மாதமாக
என் நோட்டில் காலியாகக் கிடக்கிறது.

நீளம் எழுதினேன். விலை எழுதினேன்.
"அது பேரைச் சொல்லி
எங்கெங்கேயோ கோடி கோடியா வருதாம்க்கா" என்றான்.
"எனக்கு ஒரு வலை."

தேதி கேட்டேன். சொன்னான், அமாவாசைக்கு முந்தின நாள்.
அன்று வாடைக் காற்றில்
ஊரில் ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை.

நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.
படிவம் நோட்டுக்குள் இருக்கிறது.
உயிரினம் என்ற இடத்தில்
பேனாவை ஊன்றி எடுத்த புள்ளி,
ஊறிப் பின்பக்கமும் தெரிகிறது.