ஒற்றை முத்து

"இருதயமேரி, விரலை வை" என்கிறார்
டேனரி ரோடு ரேஷன் கடைக்காரர்.
வைக்கிறேன்.
மெஷின் சிவக்கிறது.

"துடைச்சிட்டு வை."
எதைத் துடைக்க?
கட்டைவிரல் நுனியில் உட்கார்ந்திருக்கிறது
ஒரு கண்.
நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம்,
அதையும் சுற்றி மறுபடி சிவப்பு.
என் ரேகைகள் அதற்கு அடியில் எங்கோ.

அன்சர் பாய் பட்டிக்கு அந்தக் குட்டி வந்தபோதே
உதடெல்லாம் பொருக்கு.
மடியில் வாய் வைத்தால் தாய் உதைத்தது.
பாட்டில் ரப்பரையும் துப்பியது.
கட்டைவிரலைப் பாலில் முக்கி
வாய்க்குள் விட்டேன்.
முந்தின நாள் மாங்காய் நறுக்கையில்
அரிவாள்மனை கீறின விரல்.
குடித்தது.

பக்கத்து வீட்டுக் கோமளா வேப்பிலையோடு வந்தாள்.
"அம்மை" என்றாள்.
பிறகு அவளே யோசித்தாள்:
"ஆனா, ஆத்தா ஒரே ஒரு முத்தா போடுவா?"

தெருமுனை கிளினிக்கில் கட்டி என்றார்கள்.
கீற வேண்டும், முந்நூறு ரூபாய்.
எழுந்து வந்துவிட்டேன்,
பாதி பயம், பாதி முந்நூறு.

பௌரிங் ஆஸ்பத்திரி தோல் டாக்டர்
விரலைத் தொடும் முன்பே கேட்டாள்:
"மேகே சாக்தீரா?"
ஆமாம், ஆடுதான்.
சிரித்துவிட்டாள், ஏதோ விடுகதை அவிழ்ந்ததுபோல.
"வெட்டக் கூடாது. மாத்திரையும் கிடையாது.
மூடி வை. ஆறு வாரம். தானாப் போகும்.
மறுபடி வரவும் வரும்."
பிறகு மாணவர்களைக் கூப்பிட்டாள்.
பதினோரு போன்கள் என் விரலைப் படம் பிடித்தன.
விரலுக்குப் பின்னால் இருந்தவளை
ஒன்றும் பிடிக்கவில்லை.

"வேற விரல் வையேன் மேரி,
பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."
மற்ற ஒன்பதும்
தோல் மண்டியில் சுண்ணாம்பு தின்றவை அய்யா.
அரசாங்கத்துக்குத் தெரிந்த நான்
இது ஒன்றுதான்.

நாற்பத்துநாலாம் நாள்
பாத்திரம் தேய்க்கும்போது பொருக்கு கழன்று
சாம்பல் தண்ணீரோடு போயிற்று.
கீழே இளஞ்சிவப்பாய்
புதுத் தோல், வழி மாறாத பழைய கோடுகள்.
மெஷின் பச்சை காட்டியது.
அரிசி, ராகி, ரெண்டும் வாங்கினேன்.

தாயாட்டை விற்றுவிட்டார் பாய்.
குட்டிக்கும் உதடு ஆறிவிட்டது,
ரப்பர் மட்டும் இன்னும் ஆகாது.
உறை மாட்டிய விரலைப் பாலில் முக்கி நீட்டினேன்.

முகர்ந்தது.
இன்னொரு தரம் முகர்ந்தது.
அடையாளம் தெரியவில்லை அதற்கு.