பதினேழு நிமிஷக் கேரட்

இரவு ஒன்றரைக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கேத்தி பாலாடா சரிவில் இறங்குகிறோம்.
மேலே ரோட்டில் காரை நிறுத்தி
யாரோ போட்டோ எடுக்கிறார்கள்.
அங்கிருந்து பார்த்தால் திருவிழா மாதிரி இருக்குமாம்.
இங்கே குனிந்தால்
தழை, மண், விறைத்த விரல்.

விடியும்முன் மெஷினில் கழுவி
மூட்டை கட்டி
சகாயத்தின் லாரியில் ஏற்றி
மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டு
வீடு வந்தால் எட்டு ஐம்பது.
அங்கன்வாடிக்குக் கூட்டிப்போக
ஸ்டெல்லாக்கா வருவது ஒன்பது ஏழு.
நடுவில் இருப்பதுதான்
நானும் ஜெனிஷாவும்.

ஆரம்பத்தில் இந்தப் பதினேழுக்குள்
மூட்டை மாதிரி அமுக்கி அமுக்கித் திணித்தேன்.
தலை சீவ வேண்டும். இட்லி ஊட்ட வேண்டும்.
ஊட்டியில் வாங்கிய எழுத்துப் பலகையில்
‘அ’வைத் தொட்டு அம்மா சொல்லவைக்க வேண்டும்.
நாளைக்கு எந்தத் தோட்டம் என்று
பெள்ளி மேஸ்திரி அனுப்பும் வாய்ஸுக்கு
ஒரு காது வேண்டும்.
பொம்மைக்குக் காய்ச்சல் என்பாள்.
ம் என்பேன்.
பொம்மை செத்துப்போச்சு என்றாள் ஒருநாள்.
அதற்கும் ம்.

எழுந்து வந்து
என் தாடையை இரண்டு கையாலும் பிடித்து
இறுகிப்போன குழாயைத் திருகுவதுபோல்
தன் பக்கம் திருப்பினாள்.
“இங்க இரு.”
“இங்கதானே இருக்கேன்.”
“இல்ல.”

மறுநாளிலிருந்து போன்
அரிசி டப்பாவுக்குள்.
தலை சீவுவதை ஸ்டெல்லாக்கா ஏற்றுக்கொண்டார்.
எழுத்துப் பலகை ஈரத்தில் உப்பி
கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

விளையாட்டு அவள் போட்டது.
நெற்றி விளக்கு அவளுக்கு,
தலை சின்னது, பட்டையை இரண்டு சுற்று.
கம்பளிக்கு அடியில் நான்.
நான் கேரட்.

“எத்தனை கேரட் இருக்குனு எண்ணு பாப்போம்”
என்று ஒருதரம் ஆரம்பித்தேன்.
கேரட் பேசாது என்றாள்.
சரிதான்.

முடியைப் பிடித்து இழுப்பாள், அதுதான் தழை.
நான் மண்ணை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்,
சீக்கிரம் வந்துவிட்டால் கோபம்.
பிறகு உதறுவாள்.
துண்டால் கழுவுவாள்.
அக்குள் கழுவும்போது மட்டும்
கேரட் சிரிக்கலாம்.

கடைசியில் விலை.
முதல் நாள் நாற்பது ரூபாய்க்குப் போனேன்,
அடுத்த நாள் பதினைந்து.
ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு
“மழை” என்று பெருமூச்சு விட்டாள்,
அப்படியே அவள் அப்பா.

போன வியாழன் இரண்டு தோட்டம்.
ஓடி வந்தும் எட்டு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது.
கம்பளிக்குள் போனதுவரை ஞாபகம் இருக்கிறது.
கண் விழித்தால் பத்தே முக்கால்,
வீட்டில் சத்தமே இல்லை.
இருந்ததே ஒன்பது நிமிஷம்,
அதையும் தூங்கித் தின்றுவிட்டேன்.

எழப் பார்த்தேன், மேலே கனம்.
அவளுடைய ஸ்வெட்டர், அவள் போர்வை,
சகாயத்தின் லுங்கி, மூன்று தலையணை,
எங்கிருந்தோ இழுத்து வந்த கோணி,
உப்பிய எழுத்துப் பலகைகூட.
கால் முதல் கழுத்துவரை
சந்து விடாமல் மூடியிருந்தாள்.
முடி மட்டும் வெளியே.

சாயங்காலம் ஸ்டெல்லாக்கா சொன்னார்:
“வாசல்லயே என்னை மறிச்சிட்டா உன் பொண்ணு.
சத்தம் போடாதீங்க,
அது இன்னும் விளையலைனா.”

என் தலைமாட்டில்
விளக்கை அணைக்காமல் வைத்துப் போயிருந்தாள்.
அன்றிரவு அதில் சார்ஜ் இல்லை.
பக்கத்து வரிசை மாதியின் வெளிச்சத்தில்
பிடுங்கிக்கொண்டு போனேன்.
ஒன்று சுண்டுவிரல் அளவில் வந்தது.

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.
குழியிலேயே திரும்ப நட்டு
மண்ணைத் தள்ளி மூடினேன்.
பிழைக்காது, தெரியும்.
கழுத்துவரை மூடினேன்.