முன் சென்றது கனரகம்

காசல்ரீயில் இன்னும் மூடுபனி விலகவில்லை.
விமானம் துறையில் கட்டிக் கிடக்கிறது.
அறிக்கைப் படிவத்தை மடியில் விரித்திருக்கிறேன்.
மூன்றாம் கேள்வி:
நீங்கள் கண்டது என்ன?

ஒன்றும் காணவில்லை.
நேற்று மாலை கட்டுநாயக்காவில் வானம்
கழுவிக் கவிழ்த்த கோப்பை.
எங்களுக்கு முன்னே ஒரு பெரிய ஜெட்,
முந்நூறு பேரும் அவர்களின் பெட்டிகளும்,
இறங்கி, ஓடி, திரும்பி
முனையத்தின் பக்கம் போயும்விட்டது.
போன பின்னும்
அங்கேயே இருந்தது.

நான்காம் கேள்வி, எடை வகை.
முன் சென்றது கனரகம். பின் சென்றது இலகுரகம்.
எழுதும்போது மடுவத்துத் தராசு ஞாபகம் வருகிறது.
ஈரத்துக்கு இரண்டு கிலோ, சாக்குக்கு ஒன்று
கழித்துத்தான் அம்மாவின் கொழுந்தை எழுதுவார்கள்.
குறைந்தால் அரைப்பேர்.
காற்று அப்படி எதையும் கழிப்பதில்லை.
தன்மேல் ஏறிய பாரம் அத்தனையையும்
இரண்டு வடமாகத் திரித்து
இறக்கை நுனிகளில் இருந்து பின்னே விடுகிறது.
எதிரெதிராகச் சுழன்றபடி
அவை மெல்லத் தாழும்.
நிறம் கிடையாது.
பலத்த காற்றில் சீக்கிரம் கலைந்துவிடும்;
அமைதியான மாலைகளில்தான் அவற்றுக்கு ஆயுள்.

நேற்று இடப்புறமிருந்து நான்கு நாட் காற்று.
விலகிப் போயிருக்க வேண்டிய ஒன்றை
ஓடுபாதை மேலேயே நிறுத்திவைக்க
அது போதும்.

பொகவந்தலாவை பஸ் போனதும் குடையை விரிக்காதே,
பத்து எண்ணு என்பாள் வகுப்புத் தோழி சர்மிளாதேவி.
எண்ணாத நாளில் என் குடை
தேயிலைக்குள் போய் விழும்.
கோபுரம் மூன்று நிமிடம் தரப் பார்த்தது.
ஜெட் கண்ணுக்குத் தெரிகிறது,
இடைவெளியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.
இருட்டப் போகிறது.
பின்னிருக்கைக்காரர்களுக்கு வேறு விமானம் பிடிக்க வேண்டும்.
அது வந்த தடத்துக்கு மேலே வா,
அது தொட்ட இடம் தாண்டித் தொடு.
பாடம் மனப்பாடம்தான்.
ஐம்பது அடி தாழ வந்தேன்.

வலது இறக்கை கீழே போனது.
சுக்கானை இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன்,
இனித் திரும்பாது என்னும் வரை.
விமானம் கேட்கவில்லை.
நீர்கொழும்புக் களப்பு நிமிர்ந்து
ஜன்னலில் வந்து நின்றது.
கப்டன் ருவந்தவின் கை என் கைமேல்,
விசை முழுதும் முன்னே.
யாரோ சட்டைக் காலரைப் பிடித்திருந்து
சலித்துப்போய் விட்டதுபோல
சட்டென நேரானோம்.
எத்தனை விநாடி?
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம்.

சுற்றிப் போய் மறுபடி இறங்கியபோது
யாரும் பேசவில்லை.
அட்டனில் வாங்கிய டின் ஒன்று திறந்துகொண்டு
கூரையெல்லாம் தேயிலைத் தூள்.
வெள்ளைக்காரப் பெண்ணின் புருவத்தில்,
என் கழுத்துப் பட்டிக்குள்.
இரவு தலைக்குக் குளித்தும்
காலையில் தலையணையில் நாலு துகள்.

ருவந்த இப்போது உள்ளே ஏறி
பழைய பல் துலக்கியால் கூரையைச் சுரண்டுகிறார்.
ஒரு பக்கம் மட்டும்
வளைந்து வளைந்து ஒட்டியிருக்கிறதாம்.
வந்து பார் என்கிறார்.
போகவில்லை.

மூன்றாம் கேள்விக்கு "தேயிலை" என்று எழுதினேன்.
விசாரணை அதிகாரியை நினைத்து
வெட்டிவிட்டேன்.
அதன் கீழே
"ஒன்றுமில்லை, வானம் தெளிவு."

பனி கிழிகிறது.
பதினொரு மணிக்கு நாலு பேர் ஏறுகிறார்கள்.