வாசலில் சொல்வது

லியெபாயா துறைமுகத்தில், தானியக் கிடங்கின் மூன்றாம் மாடியில்
எனக்கு ஒரு மேசை, ஒரு ஹீட்டர், மின்னஞ்சல் சர்வரின் சாவி.
நவம்பரில் இங்கே காற்று ஜன்னலைத் தட்டாது,
உலுக்கும்.

நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டாத மடல்கள்.
பாதி விலையில் செருப்பு,
யாரோ ஒரு ஜெனரல் விட்டுப்போன தங்கம்,
கோதுமை ஏற்றி இறக்கும் எங்களுக்கு
முடி வளரும் தைலம்.
பத்து வருடமாக எல்லாவற்றையும்
சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.
கிணற்றில் போட்ட கல்.

கணக்குப் பிரிவு வெல்டாதான் ஆரம்பித்தாள்:
"பதில் இல்லையென்றால் எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள்.
தடுத்துவிட்டோம் என்று சொல்லிவிடு.
அவர்களும் மனிதர்கள்தானே."
வேண்டாத கணவனை அவள் அப்படித்தான் அனுப்பினாளாம்,
கோட்டை மாட்டிவிட்டு, காரணம் சொல்லி.

முதலில் எழுதியதில் கோபம் இருந்தது.
அடுத்ததில் தேவையில்லாத மன்னிப்பு.
மூன்றாவதை வைத்துக்கொண்டேன்:
'உங்கள் மடல் தடுக்கப்பட்டது.
இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.'
பெயர் போடவில்லை. இயந்திரத்துக்குப் பெயர் எதற்கு.

அன்றிரவு ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்குப் போனது.
தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதுபோல்
நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள், போஸ்ட்மாஸ்டர் பெட்டிக்கு
(அதை மட்டும் யாருக்கும் பூட்டக்கூடாது, அது விதி)
உருகுவேயிலிருந்து ஒரு கடிதம்.
டாக்வாரெம்போ என்ற ஊர்.
ஒஃபேலியா பெர்ருட்டி, கால்நடை மருந்துக்கடை.

"உங்களிடமிருந்து அறுபத்திரண்டு அறிவிப்புகள் வந்துள்ளன.
உங்களுக்கு நான் எதுவும் எழுதவில்லை.
உங்கள் ஊரை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.
என் பெயரில் வந்த மடலில் என்ன இருந்தது?
அசிங்கமாக ஏதாவது?

முதல் அறிவிப்பு வந்தபோது இரவு மூன்று மணி.
உங்கள் மொழி புரியவில்லை, போன் மொழிபெயர்த்துக் காட்டியது.
அன்று மாலைதான் மகனுக்கு எழுதியிருந்தேன்.
இரண்டு வருடமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.
அவன்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்.
அழுதேன்.
ஆனால் சொல்லிவிட்டானே என்று
கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.
விடியும்வரை அப்படி இருந்தது.
பிறகு இரண்டாவது வந்தது."

உறையின்மேல் எவன் பெயரையும் எவனும் எழுதலாம்.
பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும் இது.
எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
செருப்பு விற்றவன் எங்கோ நிம்மதியாக இருந்தான்.
அவனுக்கு நான் சொன்னது
ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை.

மதியம் சாப்பிடாமல் சர்வரைத் திறந்தேன்.
உள்ளே வாங்கிவைத்துப் பிறகு கடிதம் போடுவதை நிறுத்தினேன்.
இனி எது வந்தாலும் வாசலிலேயே,
கொண்டுவந்தவன் கை நீட்டியிருக்கும்போதே,
ஐந்நூற்று ஐம்பது என்று ஒரு எண்:
ஏற்கவில்லை, போ.
வெல்டாவிடம் சொன்னேன். "அதைத்தானே நானும் செய்தேன்,
அவன் வாசலில் நிற்கும்போதே" என்றாள்.

ஒஃபேலியாவுக்கு எழுதத்தான் நேரம் பிடித்தது.
மகனைப் பற்றி நான் என்ன சொல்ல?
செருப்பு விளம்பரம்தான், அசிங்கம் எதுவுமில்லை,
தவறு என்னுடையது,
உங்களை இங்கே யாரும் தடுக்கவில்லை
என்று எழுதி,
கிர்ட்ஸ் என்று கையெழுத்துப் போட்டு,
அனுப்பும் முன் பட்டியலைப் பார்த்தால்
தடுக்கப்பட்டவர்களில் அவள் முகவரி.
நானே சேர்த்தது.

நீக்கினேன். பிறகு அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை.
அன்றிலிருந்து தினம் இரண்டு மூன்று,
அவள் பெயரில், பாதி விலைச் செருப்பு உள்ளே வருகிறது.
ஒவ்வொன்றையும்
கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான்
அழிக்கிறேன்.